மலையிலிருந்து கோட்டைக்கு: பிள்ளைகளுக்காகச் சட்டமன்றம் போக நினைப்பவர்களுக்கு

எருமாட்டிலோ மஞ்சூரிலோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, 'நான் எம்.எல்.ஏ. ஆகப் போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். ரோடு கேட்பார்கள். பட்டா கேட்பார்கள். யானை வராமல் இருக்க அகழி கேட்பார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை கேட்பார்கள். பிள்ளைகளுக்கு என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை.

ஓட்டில்லாத அந்தக் கூட்டத்துக்காகத்தான் சட்டமன்றம் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் அபூர்வமாக வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தேர்தலில் நின்றவன் இல்லை. கோத்தகிரிப் பக்கத்துக்காரன், ஓர் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் பல வருஷம் மனு வாங்கி, கடிதம் தட்டச்சு செய்து, சபைக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவன். அந்த மேசையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில்: எது உங்கள் கையில், எது இல்லை

புதிதாக வருகிற எல்லாரும் சொல்வது, 'புதுச் சட்டம் கொண்டுவருவேன்.' சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இந்தியாவிலேயே சிறுவர்களுக்கென்று முதலில் வந்த சட்டங்களில் ஒன்று 1920-ஆம் ஆண்டின் மதராஸ் சிறுவர் சட்டம். இப்போது நடப்பில் இருப்பவை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ, 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இவை எல்லாம் நாடாளுமன்றம் போட்டவை. கல்வி, தொழிலாளர் நலன், திருமணம், சிறுவர் தொடர்பானவை பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலமும் சட்டம் செய்யலாம். ஆனால் மத்தியச் சட்டத்தோடு அது மோதினால், குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லாமல் நிற்காது. அரசியல் சட்டத்தின் 254-ஆவது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். பிரச்சார மேடையில் கொடுக்கும் வாக்குறுதிகளில் பாதி அதிலேயே உதிர்ந்துவிடும்.

மாநிலத்தின் கையில் இருப்பது வேறு. இளைஞர் நீதிச் சட்டத்துக்கான விதிகளை எழுதுவது மாநிலம்தான். தமிழ்நாட்டு விதிகள் 2017-இல் வந்தன. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு ஆள் போடுவது மாநிலம். அங்கன்வாடிக்குக் கட்டடம், விடுதிக்கு வார்டன், மலைக்கு பஸ் எல்லாமே மாநிலம். இல்லங்களையும் விடுதிகளையும் ஒழுங்குபடுத்த 2014-இல் மாநிலமே தனிச் சட்டம் போட்டது. ஆகவே ஒரு மலைத்தொகுதி உறுப்பினரின் வேலையில் பெரும்பங்கு, ஏற்கெனவே அச்சில் இருக்கும் சட்டத்தை மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏற்றுவது. இதற்குக் கைதட்டு கிடைக்காது. தெரிந்தே வாருங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள்

நோட்டு என்றால் காகித நோட்டுதான். போனில் எழுதினால் சிக்னல் இல்லாத ஊரில் திறக்காது. நமக்கு வேண்டிய ஊர்கள் பெரும்பாலும் சிக்னல் இல்லாத ஊர்கள்.

உங்கள் தொகுதியிலுள்ள ஒவ்வொரு குக்கிராமத்துக்கும், ஹட்டிக்கும் (படகர் ஊர்), லயத்துக்கும் (எஸ்டேட் வரிசை வீடுகள்), காலனிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள்? அங்கன்வாடி எங்கே? பள்ளிக்கூடம் எங்கே? நடக்கிற வழி எது, அதில் காடு எவ்வளவு, எந்த மாதங்களில் ஆனை நிற்கும்? வீட்டில் என்ன பேசுகிறார்கள்? சாதிச் சான்றிதழ் இருக்கிறதா? கடைசியாகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது யார், எந்த வகுப்பில்?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகளை அரசு மிக நலிவடைந்தவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டில் பணிய மொழி பேசும் பிள்ளை, அங்கன்வாடியில் தமிழையும் எல்லைப் பக்கத்தில் மலையாளத்தையும் கேட்கிறது. எஸ்டேட்டுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்னொரு கணக்கு. அவர்கள் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறார்களா என்று பார்ப்பதே பெரிய வேலை. பழனிமலைப் பக்கம் என்றால் பளியர், புலையர் குடியிருப்புகள். அங்கே மேல்மலை, கீழ்மலை என்று இரண்டு உலகம். கொடைக்கானல் பகுதி பழனித் தொகுதிக்குள் வருகிறது, மாவட்ட அலுவலகமோ திண்டுக்கல்லில்.

அங்கன்வாடி டீச்சரைப் பார்க்கப் போனால் காலையில் போகாதீர்கள். அது சமைக்கிற, எடை போடுகிற நேரம். பிள்ளைகள் போன பிறகு போய், 'அக்கா, ஒரு அரைமணி நேரம்' என்று கேட்டு உட்காருங்கள். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கலெக்டர் ஆபீஸை விட அவருக்குத் தெரியும்.

அவரிடம் கேட்க வேண்டியதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சமவெளியில் 400 முதல் 800 பேர் உள்ள இடத்துக்கு ஓர் அங்கன்வாடி. மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேர். 150 முதல் 300 பேர் இருந்தால் குறு அங்கன்வாடி. எங்கேயாவது ஆறு வயதுக்குக் கீழே 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லையென்றால், கேட்டு வாங்கவும் வழி உண்டு. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினால், எந்தெந்த ஊர் உரிமையாகக் கேட்கலாம் என்பது ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

தோட்டங்களில் பிள்ளைக் காப்பகத்தையும் பாருங்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் வயதானவர்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். 50 பெண் தொழிலாளர்களோ, அவர்களின் சிறுபிள்ளைகள் 20 பேரோ இருந்தால் தோட்டம் காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்திருந்தது. அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. தோட்டத்துக்குப் போனால் அறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வராதீர்கள். அறை இருக்கும். ஆயா இருக்கிறாரா, பால் வருகிறதா, கொழுந்தெடுக்கப் போன அம்மா வந்து பால் கொடுக்க நேரம் விடுகிறார்களா என்று பாருங்கள்.

ஒரு தவணையாவது கீழே இருங்கள்

உள்ளாட்சிக்கு நிற்க 21 வயது போதும். சட்டமன்றத்துக்கு 25. இடையிலிருக்கும் நாலு வருஷத்தை வீணாக்க வேண்டாம். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தங்கச்சிகளே, வேலையைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். பல இடங்களில் அது பதிவேட்டில் மட்டும் கூடுகிறது. உறுப்பினராகச் சேருங்கள், இல்லையென்றால் கூட்டம் நடக்கிற நாளில் போய் நில்லுங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். 'அதெல்லாம் காட்ட முடியாது தம்பி' என்றால் தகவல் உரிமை மனு, பத்து ரூபாய், முப்பது நாள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஆனால் நீலகிரியில் ஒரு சிக்கல் உண்டு. கிராம ஊராட்சிகள் 35 மட்டுமே. மக்கள் பெரும்பாலும் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் இருக்கிறார்கள். ஆளரவமற்ற எஸ்டேட் டிவிஷன்கூடக் காகிதத்தில் பேரூராட்சி வார்டாக இருக்கும். அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். எது உங்கள் ஊருக்கு என்று பார்த்துவிட்டு மனுவை எழுதுங்கள்.

வேட்புமனு

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். கட்சிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர், சுயேச்சை என்றால் பத்துப் பேர். பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். செலவு உச்சவரம்பு 40 லட்சம்.

நீலகிரி மாவட்டத்தில் மூன்று தொகுதிகள்: உதகமண்டலம், கூடலூர், குன்னூர். கூடலூர் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. பணியரும் காட்டுநாயக்கரும் நிறைய வாழ்கிற இடம் கூடலூர், பந்தலூர் பக்கம்தான். ஆனால் பழங்குடியினர் பட்டியல் வேறு என்பதால் அவர்களில் ஒருவர் அங்கே வேட்பாளராக நிற்க முடியாது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டு: ஏற்காடும் சேந்தமங்கலமும். கூடலூர்ப் பழங்குடி இளைஞருக்கு ஆசை இருந்தால் உதகையிலோ குன்னூரிலோ பொதுத்தொகுதியில் நிற்க வேண்டும். இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. வழிகாட்டிக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

ஒரு பிள்ளை, ஆறு துறை

ஜெயித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் முதல் மாதம் மாலை, சால்வை, எம்.எல்.ஏ. ஹாஸ்டல் என்று போகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, யாரிடம் எதைக் கேட்பது என்று ஒரு தாளில் எழுதி வைப்பது.

பத்து வயதுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. காரணம் ஆயிரம் இருக்கும். உண்டு உறைவிடப் பள்ளி என்றால் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. சாதாரண அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித்துறை. தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள் என்றால் அங்கன்வாடி, அது சமூக நலத்துறை. எஸ்டேட் காப்பகம் என்றால் தொழிலாளர் துறை. வழியில் ஆனை என்றால் வனத்துறை. சாதிச் சான்றிதழ் வரவில்லை என்றால் வருவாய்த்துறை. பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான். கேள்வியைத் தவறான துறைக்கு அனுப்பினால், 'இது எம் துறையைச் சார்ந்தது அன்று' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு ஒரு கூட்டத்தொடர் போய்விடும்.

கேள்வி எழுதுவதுதான் இந்தத் தொழிலின் நெஞ்சு என்பேன். புதிய உறுப்பினர்கள் இப்படி எழுதுவார்கள்:

'பந்தலூர் வட்டத்தில் பழங்குடிக் குழந்தைகள் இடைநிற்பதை அரசு அறியுமா?'

பதில்: 'அறியும். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' முடிந்தது. உட்கார வேண்டியதுதான்.

அதையே இப்படிக் கேளுங்கள்:

'(அ) நீலகிரி மாவட்ட குழந்தைகள் நலக் குழுவில் நிரப்பப்படாத இடங்கள் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து? (ஆ) கடந்த 12 மாதங்களில் அக்குழு மாதவாரியாக எத்தனை நாட்கள் அமர்ந்தது? (இ) அவற்றில் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலிருந்து அதன் முன் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? (ஈ) கூடலூரில் மாதம் குறிப்பிட்ட நாட்களில் அமர்வு நடத்த அரசு முன்வருமா?'

இதற்கு எண்ணில்தான் பதில் சொல்ல முடியும். பின்னணியைச் சொல்கிறேன். குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவர், நான்கு உறுப்பினர் கொண்டது. மாஜிஸ்ட்ரேட் அதிகாரம் உண்டு. மாதம் குறைந்தது 20 நாள் அமர வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அதன் முன் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் நீங்கலாக. அந்தப் 'பயண நேரம் நீங்கலாக' என்ற சொல்லைச் சமவெளிக்காரர்கள் படிக்காமலே தாண்டிப் போவார்கள். கூடலூரிலிருந்து உதகை சுமார் 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியே ஏற்றம். பந்தலூர் அதற்கும் அப்பால். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அந்த நாள் அவ்வளவுதான். அடி வாங்கிய ஒரு பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டே அந்த பஸ்ஸில் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். குழு கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன்பே பிள்ளையைக் காட்டலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் ஓர் உறுப்பினராவது கூடலூர்ப் பக்கம் இருக்கக் கூடாதா? துணைக் கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது.

மூன்று விஷயம் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். துறைகளின் செலவுக்குச் சபை ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கை நாளன்று ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தரும். மற்றவர்கள் அதை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் போன வருஷத்துப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, அறிவித்தது என்ன, இந்த வருஷம் சத்தமில்லாமல் காணாமல் போனது என்ன என்று பாருங்கள். இரண்டாவது, அமைச்சர் சபையில் 'செய்து தரப்படும்' என்று சொன்னால் தேதியோடு குறித்து வையுங்கள். அதைத் துரத்த உறுதிமொழிக் குழு என்று சட்டமன்றத்திலேயே ஒரு குழு உண்டு. மூன்றாவது, சபையில் ஒருபோதும் பிள்ளையின் பெயரையோ ஊரையோ சொல்லாதீர்கள். எண்பது வீடு உள்ள ஹட்டியின் பெயரைச் சொன்னாலே பிள்ளையின் பெயரைச் சொன்ன மாதிரி. பிள்ளை விழுந்த குழியைச் சொல்லுங்கள், போதும்.

ராத்திரி பத்து மணிக்கு வரும் போன்

உங்கள் அரசியல் வாழ்க்கை கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான்.

'அண்ணே, ஒரு சின்ன விஷயம், ஊருக்குள்ளயே பேசி முடிச்சிடலாம்' என்று தொடங்கும். பேசுகிறவர் உங்கள் பூத்தில் வேலை செய்தவராக இருப்பார். பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றமாக இருந்தால் பேசி முடிக்க ஒன்றுமில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. எம்.எல்.ஏ.வுக்கும் அதேதான், அவருடைய உதவியாளருக்கும் அதேதான். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கச் சொல்லுங்கள், நீங்களும் அழையுங்கள், பேசிய நேரத்தை எழுதி வையுங்கள். ஸ்டேஷனுக்கு நேரில் போய் உட்காராதீர்கள். யாருக்காக வந்தீர்கள் என்று ஊர் இரண்டாகப் பிரியும்.

இதில் மலைக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு, மூடி மறைக்க விரும்பவில்லை. பதினெட்டு நிறையாத பெண்பிள்ளை, அதே காலனிப் பையனோடு குடித்தனம் வைத்து, கர்ப்பமாகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் தகவல் போலீசுக்குப் போகும், பையன் ஜெயிலுக்குப் போவான். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்க்கிறார்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வேண்டும், மறுபேச்சில்லை. ஆனால் அவசர மருத்துவம் தர எந்தக் காகிதத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளே சொல்கின்றன. அதைக் காலனிகளில் சொல்ல ஆள் வேண்டும், அவர்கள் மொழியிலேயே. கைது எண்ணிக்கையைக் காட்டி மேடையில் பேசும் உறுப்பினரை விட, அதே ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க விடுதி கேட்டு வாங்கும் உறுப்பினர் நிறையத் திருமணங்களை நிறுத்துவார் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு வகைப் போன் பகலில் வரும், நேரிலும் வருவார்கள். 'பையனக் கீழ ஏதாவது ஹோம்ல சேக்கணும், ஒரு லெட்டர் குடுங்க.' அப்பா இல்லை, அம்மா தோட்டத்தில் தினக்கூலி. இளகிய மனசு உடனே எழுதிக் கொடுத்துவிடும். நானும் ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். அந்த இல்லம் பதிவு பெற்றதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த அம்மா வந்து நின்றார்: 'புள்ளயப் பாக்க விட மாட்டேங்கறாங்க சார்.' பையனைத் திரும்ப மலைக்குக் கொண்டுவர நாங்கள் அலைந்த அலைச்சலைவிட, அவன் வந்தபின் அம்மாவோடு பேசாமல் இருந்ததுதான் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் அந்தக் கடிதத்துக்குப் பதில் வேறு கடிதம் போகும்: மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் ஊரகத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் எஸ்டேட் குடும்பத்துக்கு எந்த வரம்பு என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெளியுங்கள். மனு திரும்பி வருவதெல்லாம் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான்.

படம். உங்கள் முகநூலைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இல்லத்துப் பிள்ளைகளின் முகம் வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, போக்சோவின் 23-ஆவது பிரிவு இரண்டும் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. பிறந்தநாளுக்கு இல்லத்தில் பிரியாணி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டோவில் அண்டா தெரிந்தால் போதும்.

கட்டடம் கட்டப் போனால்

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. அங்கன்வாடிக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவது சுலபம். இடம்தான் கிடைக்காது.

கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலச் சிக்கல், அதாவது பழைய பரம்பரை உரிமை நிலங்களின் சிக்கல், எல்லாருக்கும் தெரிந்தது. அந்த உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் கிடக்கும் நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா இல்லை. அங்கன்வாடிக்கு எங்கே போவது? சுற்றிலும் காடு, அல்லது காடென்று எழுதப்பட்ட பூமி. 'வனத்துறை விடமாட்டாங்க' என்று எல்லாரும் கையை விரிப்பார்கள்.

அங்கே 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எடுங்கள். அதன் 3(2) பிரிவில் பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், சாலை, குடிநீர் என்று பதின்மூன்று வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தர வழி இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். டெல்லி வரை போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிகிற வேலை. தொகுதியில் மூன்று இடத்தில் இதை முறையாகச் செய்து காட்டினால் மற்ற ஊர்க்காரர்கள் தாங்களே தீர்மானம் போட்டுக்கொண்டு வருவார்கள். சரிவில் கட்டுகிற இடத்தில் மண் எப்படி என்று பொறியாளரைக் கேளுங்கள், அந்த ஊர்ப் பெரியவரையும் கேளுங்கள். எந்த மழைக்கு எந்த மேடு இறங்கியது என்று அவர்தான் பார்த்திருப்பார்.

தனிநபர் மசோதா

கடைசியாக, அந்தப் 'புதுச் சட்டம்' ஆசை. உறுப்பினர் எவரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா என்றால் ஆளுநரின் பரிந்துரை தேவை. நிறைவேறும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் வாழ்க்கையில் ஒன்றாவது எழுதுங்கள். எழுதும்போதுதான் சட்டம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று புரியும்.

இந்த வேலைக்கு நம் ஊரில் முன்னோடி ஒருவர் இருக்கிறார். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மதராஸ் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் துணைத் தலைவரானார். பெண்பிள்ளைகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை அதே ஆண்டு கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. 1929-இல் வந்தது மானிய நிலங்களைப் பற்றிய திருத்தம் மட்டுமே. 1930-இல் காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவியை விட்டார். பொட்டுக்கட்டுவதையே தடை செய்த சட்டம் வந்தது 1947-இல். தீர்மானத்துக்கும் தடைக்கும் நடுவே இருபது வருஷம்.

நான் புதியவர்களிடம் சுட்டிக்காட்டுவது அந்த இருபது வருஷத்தை அல்ல, அதற்கு நடுவில் அவர் செய்த இன்னொன்றை. அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகளில் இடம் தர மறுத்தபோது, அவர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் அவ்வை இல்லம் ஆனது. ஒரு சட்டம் கேட்டால் அது வருகிற வரைக்கும் பிள்ளை எங்கே தூங்கும் என்று யோசித்தவர் அவர். நீங்கள் மசோதா எழுதும்போதும் கடைசிப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி விடுங்கள்: இது நிறைவேறாவிட்டால் நாளைக்கு என்ன?

பதவி முடியும்போது

ஐந்து வருஷம் ஓடிவிடும். மறுபடி சீட்டு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நிலுவையிலுள்ள உறுதிமொழிகளின் பட்டியல், நிதி ஆதரவுக்குப் பரிந்துரைத்த பிள்ளைகளின் மனு எண்கள் (பெயர் வேண்டாம், எண் மட்டும்), பாதியில் நிற்கும் அங்கன்வாடிக் கட்டடங்கள் மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். நோட்டில் பிள்ளைகளின் பெயர் எங்காவது இருந்தால் கறுப்பு மையால் அடித்துவிட்டு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு. இன்னொன்று அடுத்து வரும் உறுப்பினருக்கு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

எங்கள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். புது உறுப்பினர் மரியாதையாக உட்காரச் சொன்னார், டீ வந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதுல மஞ்சூர் காரமடை ரோட்டப் பத்தி ஏதாவது இருக்குங்களா?' என்று கேட்டார். இல்லை என்றேன். டீயைக் குடித்துவிட்டு, நோட்டை அவர் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தேன்.